மாரப்பன் வீட்டுக் கரெண்டைச் சுத்தம் செய்த கதை

ஆளுகளை வரிசையில் நிறுத்திக் கடவுள் புத்தி கொடுத்த நாளில் எங்கள் சின்னம்மன் நகர் மூன்றாவது வீதியிலிருந்து நாலு பேர் போனார்கள். பக்கத்தில் மண்ணெண்ணெய் வரிசை சின்னதாக இருக்கிறதே என்று அதில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள். மாரப்பன், ஆறுக்குட்டி, நஞ்சப்பன், சென்னியப்பன் என்பவர்கள் அவர்கள். நாலு பேரும் கோயமுத்தூரில் ஒரே மில்லில் முப்பது வருசம் மெஷின் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்தவர்கள். ஆளுக்குப் பாதிக் காதுதான் மிச்சம். அதனால் ரிட்டையர் ஆனதும் சங்கீத ரசிகர்கள் ஆகிவிட்டார்கள்.

மாரப்பன் ஒரு பாட்டு செட்டு வாங்கினார். ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் இரண்டு. அதைப் பார்த்த அன்றே அவர் சம்சாரம் பையை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வீதியிலேயே விவரமான பொம்பளை.

முதல் நாள் நாயனம் போட்டார்கள். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல். நாலு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். நான் இல்லை என்று நஞ்சப்பன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினார்.

டவுனிலிருந்து செட்டு மெக்கானிக் துரைசாமி வந்து பார்த்தார். செட்டில் கோளாறு ஏதும் இல்லை, கரெண்டில்தான் அழுக்கு என்று சொன்னார். வீதியில் ஓடுகிற மோட்டார், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் இரைச்சலும் ஒயர் வழியாக வந்து ஸ்பீக்கரில் உட்கார்ந்துகொள்கிறதாம். லைன் மேல் வேறு எதுவும் இருக்கக் கூடாது, எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கேட்பதற்கு முன் செட்டை அரை மணி நேரம் சூடாக்க வேண்டும் என்று மூன்று வைத்தியம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இந்த வீதியில் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அந்த மனுசன் ஒரு நிமிசம் யோசித்திருந்தால் எனக்கு அரை லிட்டர் பால் மிச்சமாகியிருக்கும்.

நாலு பேரும் வெளியே வந்து லைனை அண்ணாந்து பார்த்தார்கள். லைன் மேல் பதினோரு காக்கா உட்கார்ந்திருந்தது.

"இத்தனை காக்கா உக்காந்தா கரெண்டு அதுக காலுக்கடியில நசுங்கித்தானே வரும்?" என்றார் ஆறுக்குட்டி.

"நசுங்கி வர்றதுதான் முனகுது" என்றார் நஞ்சப்பன். அதோடு தீர்மானம் நிறைவேறியது.

சென்னியப்பனைக் காவலுக்குப் போட்டார்கள். அவர் தகரத் தட்டு ஒன்றை எடுத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்பத்தடியில் நின்று டமடமவென்று அடித்தார். ஸ்பீக்கரில் வருகிற இரைச்சலைப் போக்குவதற்காக வீதி முழுக்க மூன்று நாள் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தோம். காக்காய் பழகிப்போய் அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்தது எர்த் குழி. கல்லுப்பா, தூளுப்பா என்று அரை நாள் விவாதம் நடந்தது. கல்லுப்பு ஜெயித்தது. வெறும் உப்புத் தண்ணீர் எந்த வயிற்றுக்குச் சேரும் என்று நஞ்சப்பன் கேட்க, கொஞ்சம் புளியும் கரைத்து ஊற்றினார்கள். முனகலைக் கேட்டால் வாயுத் தொந்தரவு மாதிரி இருக்கிறது என்று ஆறுக்குட்டி பெருங்காயம் கொண்டுவந்து போட்டார். மாரப்பன் ஒரு கைப்பிடி மிளகு சேர்த்தார். என் சம்சாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொல்லைக்கு வந்து, யார் வீட்டில் ரசம் என்று என்னைக் கேட்டாள்.

மூன்றாவதாக ஆம்ப்ளிஃபயரை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காய வேண்டும் என்று பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட்டார்கள். கீழே கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் அதே "ம்ம்ம்ம்".

இனிமேல் வீதியைத்தான் சுத்தம் செய்யவேண்டும் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை யார் வீட்டிலும் எதுவும் ஓடக் கூடாது. என் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போனார்கள். பால் அப்படித்தான் திரிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாரப்பனுக்குப் பக்கத்து வீடு மயிலாத்தாள். மாவு ஆட்டி விற்கிறவள். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகளையும் அந்த கிரைண்டர்தான் படிக்கவைக்கிறது. மறுநாள் காலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எழுநூறு இட்லிக்கு மாவு கேட்டிருந்தார்கள். இட்லி நன்றாக வந்தால் இனி அந்த மண்டபத்துக்கு வருசம் முழுக்க அவள் மாவுதான். ஏழரைக்குள் ஆட்டி முடித்தால்தான் விடிவதற்குள் புளிக்கும். இதையெல்லாம் அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நாலு பேரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"மாவு நாளைக்கும் புளிக்கும் அம்மிணி. சுத்தமான கரெண்டு இன்னிக்குத்தான் வருது" என்றார் மாரப்பன்.

"அப்ப நாளைக்குக் கல்யாணத்துக்கு வர்ற சனத்துக்கு உங்க கரெண்டையே எலையில வட்டிச்சு வைக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய் கிரைண்டரைப் போட்டாள்.

வட்டிக்க முடியுமா என்று வாசலிலேயே நின்று சற்று நேரம் விவாதித்தார்கள். பிறகு நேராக வீதி முனைக்குப் போய், கரெண்டுப் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினார்கள். ஆறுக்குட்டி அதை மடியில் கட்டிக்கொண்டார். வீதி மொத்தமும் அணைந்தது. பாதி அரைத்த அரிசியோடு மயிலாத்தாள் கிரைண்டரும் நின்றது. மணி ஐந்தரை.

மாரப்பன் வீட்டில் செட்டைப் போட்டார்கள். முனகல் இல்லை. நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஒரு பொட்டு இரைச்சல் இல்லைங்க" என்றார் நஞ்சப்பன், குரல் தழுதழுக்க.

"பாட்டும் கேக்கலீங்களே?" என்றார் சென்னியப்பன்.

மாரப்பன் கண்ணைத் திறக்காமல் விளக்கம் சொன்னார். "சுத்தமான தண்ணிக்கு நெறம் இருக்குதா? சுத்தமான காத்து கண்ணுக்குத் தெரியுதா? பாட்டும் அப்படித்தான். சுத்தமாயிட்டா கேக்காது."

சென்னியப்பனுக்குத் தன் அறியாமை மேல் வெட்கமாகப் போய்விட்டது. அவரும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

மயிலாத்தாள் மாவுக் கையோடு வந்தாள். வாசல்படி வரைக்கும் திட்டுவதற்குத்தான் வந்தாள். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. ஆனால் செத்துக்கிடந்த செட்டுக்கு முன்னால் தலையாட்டிக்கொண்டிருந்த நாலு பேரையும் பார்த்ததும் திட்டு உள்ளே இறங்காது என்று அவளுக்குப் புரிந்துபோனது. தரையில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, என்ற வீட்டு கிரைண்டர் சத்தம் ஒயர் வழியா உங்க ஸ்பீக்கருக்கு வருதுங்களா?"

"ஆமா அம்மிணி. அதுதானே வியாதியே."

"அப்ப உங்க ஸ்பீக்கர்ல இருக்கிற பாட்டு எங்கீங்க போகும்?"

நாலு பேரும் கண்ணைத் திறந்தார்கள். பிறகு ஆறுக்குட்டி, ஒயர் ஒன்றுதானே, வருகிற வழி இருந்தால் போகிற வழியும் இருக்குமல்லவா என்றார். வந்த பஸ் திரும்பிப் போகாமல் இருக்குமா என்றார் நஞ்சப்பன். மாரப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா நம்ம பாட்டை மாவுக்குள்ள கொட்டிட்டு இருந்திருக்கறோமப்பா."

நாலு பேரும் எழுந்து ஓடியதைப் பார்த்தவர்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆறு மணிக்கு ஃபியூஸ் திரும்பவும் பெட்டிக்குள் போனது. செட்டை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மயிலாத்தாள் வீட்டுக்குப் போய் கிரைண்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கல் கடகடவென்று சுற்றியது. முப்பது வருசம் மெஷினோடு குடித்தனம் நடத்திய அந்தக் காதுகளுக்கு அதைவிட இனிமையாக எதுவும் கேட்டதே இல்லை. சென்னியப்பன் அழுதேவிட்டார்.

அரிசியை ஒரே சீராகத் தள்ளிவிட்டால்தான் பாட்டு பிசிறில்லாமல் வரும் என்றாள் மயிலாத்தாள். இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள், இரண்டு பேர் உளுந்து களைந்தார்கள். ஏழேகாலுக்கெல்லாம் எழுநூறு இட்லிக்கும் மாவு தயார். மறுநாள் இட்லி பூப்போல வந்தது. மண்டபத்து மாவு அவளுக்கே என்று ஆனது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கச்சேரிதான். மாரப்பன் செட்டை அலறவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிடுவார். ஒரு ஈடு ஆட்டி முடித்தால் கை தட்டுவார்கள். இன்னொன்று வேண்டும் என்று அவர்களே அரிசியைக் கழுவிப் போடுவார்கள். மயிலாத்தாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தாள்.

ஒரு மாதம் கழித்து மெக்கானிக் துரைசாமி செட்டு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தார். அவரையும் கூட்டிப்போய் கிரைண்டருக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். சிரிப்பார் என்று நான் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நாலு பேரும் டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"கல்லுச் சத்தம் அருமைங்க" என்றார் துரைசாமி. "ஆனா அடியில லேசா ஒரு நாயனச் சத்தம் கலக்குது. பக்கத்துல எவனோ செட்டு போட்டிருக்கான். அந்த அழுக்கு ஒயர் வழியா வந்து உங்க கிரைண்டர்ல உக்காருது. அதை மட்டும் நிறுத்திட்டீங்கன்னா சுத்தமாயிரும்."

மாரப்பனுக்குக் கோபம் வந்து அன்று வரை நான் பார்த்ததே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். சென்னியப்பன் தகரத் தட்டையும் எடுத்துக்கொண்டார். சத்தம் வந்த திசையைப் பிடித்துக்கொண்டே போய் மாரப்பன் வீட்டு வாசலில் நின்றார்கள். மாரப்பன் கதவை இடி இடி என்று இடித்தார். "யாருய்யா உள்ளே? மனுசன் நிம்மதியா ஒரு கிரைண்டர் கேக்க வேண்டாமா?" என்று கத்தினார். உள்ளே நாயனம் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. யாரும் வந்து கதவைத் திறக்கவில்லை.

ஆறுக்குட்டி குனிந்து பூட்டை நன்றாகப் பார்த்தார்.

"வெளிய பூட்டிட்டு உள்ள உக்காந்திருக்கான். பெரிய கில்லாடியா இருப்பானாட்ட இருக்குது" என்றார்.