ராஜா திருடிய சேவல்

முன்னொரு காலத்தில் புன்னைக்காட்டு நாட்டைச் சித்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் போட்ட சட்டம் மத்தியானம் அவருக்கே ஞாபகம் இருக்காது. ஒருநாள், வாழ்க்கையில் ஒரு தப்பும் செய்யாதவன்தான் இனி நகரக் காவலில் சேரலாம் என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டார்.

பத்து நாள் கழித்து நாற்பது பேர் வந்து வரிசையில் நின்றார்கள். காவலுக்கு வருகிறவன் கோட்டைக் கருப்பர் முன்னால் அரிவாளைத் தொட்டுத் தன் குற்றங்குறையைத் தானே சொல்லவேண்டும், அது அந்த நாட்டு வழக்கம். முப்பத்தொன்பது பேரும் எறும்பைக்கூட மிதித்ததில்லை என்று அடித்துச் சொன்னார்கள். கடைசியில் நின்ற சடையன் மட்டும் பதினாறு வயதில் ஊரில் கோழி திருடியதையும், பிடிபட்டுப் பத்துச் சவுக்கடி வாங்கியதையும், அப்புறம் தானே கோழி வளர்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். கோழிக்கள்ளன் மகள் என்ற பேரோடு அவள் வளரக்கூடாது, அவ்வளவுதான் அவன் கவலை.

காவல் தலைவர் அக்கினியார் விழுந்து விழுந்து சிரித்தார். வரிசையில் முதல் ஆளாக நின்றவன் அவருடைய தங்கை மகன்.

"பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்றியா? போடா" என்றார்.

அமைச்சர் தெள்ளியார் ராஜாவின் காதில் என்னவோ ஓதினார். ராஜாவுக்கு வேஷம் போடுவதென்றால் உயிர், உடனே தலையாட்டிவிட்டார். அன்றைக்குச் சந்தைநாள். ஒரு திருடன் கோட்டை வாசல் வழியாக வெளியே போவான், அவனைப் பிடியுங்கள் என்று சொல்லி நாற்பது பேரையும் வாசலில் நிறுத்தினார் அமைச்சர்.

வாசலில் ஒரே நெரிசல். தங்கை மகன் வேகமாக நடந்தவனையெல்லாம் பிடித்து உதறிப் பார்த்தான். நரைத்த தாடியோடு ஒரு சலவைக்காரர் ஈரமூட்டையைச் சுமந்து வந்தபோதோ, ஓரமாக வழிவிட்டு, சரிந்திருந்த முனையையும் செருகிவிட்டான்.

சடையன் போய்க் குறுக்கே நின்றான். "பெரியவரே, ஆறு வெளியேதானே இருக்கு? அழுக்குத்துணி காஞ்சில்ல போகணும். ஈரத்துணி எதுக்கு வெளியே போகுது?"

பெரியவர் அவன் காதோரம் குனிந்து, உள்ளே சேவல் இருக்கிறது, விட்டுவிட்டால் குழம்பில் ஆளுக்குப் பாதி என்று ஆசை காட்டினார்.

"அந்தக் குழம்போட ருசி என் முதுகுக்குத் தெரியும். இறக்குங்க."

ஈரத்துணியில் அமுக்கிச் சுற்றினால் கோழி சத்தம் போடாது. அவன் பழைய தொழிலில் அதுதான் முதல் பாடம். மூட்டையைப் பிரித்ததும் சேவல் சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தியது. அக்கினியார் ஓடிவந்து பார்த்தால், அது அவர் வீட்டுச் சண்டைச் சேவல்!

"எவன்டா எடுத்தது? அவன் இனிமே அரண்மனை வாசலையே மிதிக்கக்கூடாது" என்று குதித்தார்.

பெரியவர் மெதுவாகத் தாடியைக் கழற்றினார். பார்த்தால் ராஜா.

அமைச்சர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "காவல் தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார், மகாராஜா. இனி எங்கே தங்கப்போகிறீர்கள்?"

அக்கினியாருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயையோ, ஏதோ விளையாட்டுப் புத்தியில் எடுத்துவிட்டார். சேவல்தான் திரும்பி வந்துவிட்டதே. மறைக்காமல் ஒத்துக்கொண்டும் விட்டார். இதற்குப்போய் ஆளை வெளியே தள்ளுவார்களா?"

"நல்ல தீர்ப்பு. இதையே சடையனுக்கும் சொல்லிவிடுங்கள்" என்றார் அமைச்சர். "அவன் கூடுதலாகப் பத்து அடியும் வாங்கியிருக்கிறான். மகாராஜா இன்னும் வாங்கவில்லை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தப்பை ஒத்துக்கொண்டு, நேர்செய்து, திருந்தினவனுக்குக் காவலில் இடம் உண்டு என்று அங்கேயே சட்டத்தை மாற்றினார். தன் இடுப்பிலிருந்த கச்சையை அவிழ்த்துச் சடையனுக்குக் கட்டிவிட்டார். முப்பத்தொன்பது உத்தமர்களும் அடுத்த வருஷம் உண்மையைக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று அனுப்பிவைத்தார். அக்கினியார் சொட்டச் சொட்ட நனைந்த சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சந்தை முழுக்கப் பார்க்க வீடுபோய்ச் சேர்ந்தார்.

சடையன் வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி வெள்ளையம்மா கச்சையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அங்கே அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டாள்.

"நடந்ததைச் சொன்னேன்."

"ஏய்யா, உள்ளதைச் சொல்லவா பத்து நாளாச் சோறு இறங்காமக் கிடந்தே?" என்று அவள் வட்டிலை நிரப்பி வைத்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு மூன்றாம் தரம் சோறு கேட்டான் அவன்.