எட்டுக்கு ஒன்றாக வற்றிய புதினா

மலையடிவாரத்து மடத்தில் வந்து சேரும்போதே திருமேனிக்கு அறுபது தாண்டிவிட்டது. மடத்துக் குருவான பெண்மணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. திருமேனி குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணாச்சி என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும், அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

அன்று காலை திருமேனிக்கு இட்லி இறங்கவில்லை. மகள் செண்பகம் வருகிறாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று அவரே வீட்டைவிட்டுத் துரத்திய மகள். பதினொரு வருஷம் கழித்துக் கடிதம் போட்டிருந்தாள். ஒரு தடவை பார்க்க வேண்டும், ஒரு மணி பஸ்ஸில் வந்து மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்று எழுதியிருந்தாள்.

"ரெண்டு மணி நேரந்தான், அம்மா. இதை விட்டா இனி வரமாட்டா. நான் அவகிட்ட என்ன சொல்லணும்?"

"என்ன சொல்ல நெனச்சிருக்கீங்க?"

"எல்லாத்தையும். ஊரே சிரிச்சது, அவளப் பெத்தவ அழுதழுதே போய்ச் சேர்ந்தது, எல்லாத்தையும் ஒண்ணுவிடாம அவ கேக்கணும். அப்புறம் மன்னிச்சுட்டேன்னு சொல்லிருவேன்."

அம்மா கிணற்றடியைப் பார்த்தார். திருமேனி வைத்த புதினா அங்கே மண்டிக் கிடந்தது.

"நம்ம புதினாவுல ஒரு டீ போட்டுக் கொண்டாங்க."

திருமேனிக்குச் சுருக்கென்றது. நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன சொல்கிறார்! இருந்தாலும் போய்ப் பறித்தார்.

சித்த மருந்துக்கடையில் நாற்பது வருஷம் கஷாயம் காய்ச்சிய கை அது. சும்மா இருக்குமா? இரண்டு பிடி இலையைத் தட்டிப்போட்டு, எட்டு டம்ளர் தண்ணீர் விட்டு, சிறுதீயில் ஒரு டம்ளராக வற்றவிட்டார். மடம் முழுக்க மணம் தூக்கியது. மாட்டுக்கொட்டகையில் இருந்தவர்கூட எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஜமாய்க்கிறீங்க!" என்றார். திருமேனிக்குப் பெருமை தாங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு டம்ளர் அம்மாவிடம் வந்தது. அம்மா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"கசக்குது. புதினா எங்க?"

"மடம் பூரா மணக்குதே, அம்மா!"

"ஆமா, மடத்துல மணக்குது. டம்ளர்ல இல்ல."

திருமேனி வாங்கிக் குடித்துப் பார்த்தார். கருத்த தண்ணீர். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"இலையில இருந்த சத்து ஒண்ணுவிடாம இறங்கியிருக்கு," என்றார், விட்டுக்கொடுக்காமல்.

"இறங்கியிருக்கு," என்றார் அம்மா.

பிறகு அம்மாவே போய் ஒரு கொத்து கிள்ளிவந்தார். தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கினார். கொதி அடங்கிய பிறகு இலையைப் போட்டுத் தட்டால் மூடினார். அவ்வளவுதான்.

திருமேனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தட்டைத் தூக்கக் கை போனது.

"கையை எடுங்க."

"இறங்கிருச்சான்னு பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

திருமேனி கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா அரை டம்ளர் வடிகட்டிக் கொடுத்தார். நிறமே இல்லை. ஆனால் வாயில் வைத்ததும் புதினா மூக்குவரை ஏறியது. அட, நாற்பது வருஷம் அடுப்படியில் கிடந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று திருமேனிக்கு வெட்கமாக இருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

"பாதி சத்து இலையிலயே நின்னுபோச்சே, அம்மா."

"நிக்கட்டும்."

வெளியே பஸ் வந்து நின்றது. வாசல் படலைத் தள்ளிக்கொண்டு செண்பகம் உள்ளே வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள், கிட்டே வரவில்லை.

திருமேனிக்குப் பதினொரு வருஷப் பேச்சும் ஒரேயடியாக முட்டிக்கொண்டு வந்தது.

"எதிலேருந்து ஆரம்பிக்கட்டும், அம்மா?" என்றார் மெதுவாக.

அம்மா மீதியிருந்த டீயை டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"வெயில்ல வந்திருக்கா," என்றார்.