வால் சொன்ன முதல் சொல்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்கள்கூட வாய் ஓயாமல் பேசும். ஒன்று இரண்டாகப் பிரிய அவற்றுக்குத் தெரியும். சாக மட்டும் தெரியாது.

ஒரு குளத்தில் ஒரு தலைப்பிரட்டை இருந்தது. அதன் வால் நுனியில் குடியிருந்த உயிரணுவுக்கு நுனியான் என்று பெயர். சரியான சேட்டைக்காரன். இதயத்தைப் போல 'லப் டப்' என்பான். குடலைப் போல உறுமி, பசி நேரம் என்று எல்லாரையும் ஏமாற்றுவான்.

உடம்பில் யார் பெருகலாம் என்று உத்தரவு போடுவது தொண்டைச் சுரப்பியில் குடியிருந்த தொண்டையம்மாள். "பெருகுங்கள் மக்களே!" என்று அவள் கரகரத்தால் போதும், கேட்ட இடத்தில் ஒன்று இரண்டாகும்.

தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கத் தொடங்கியது. தொண்டையம்மாள் பொழுதெல்லாம் காலையே கொஞ்சிக்கொண்டிருந்தாள். நுனியானுக்குப் பொறுக்கவில்லை. தனக்கு இல்லாத தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வால் நாட்டாரே! பெருகுங்கள் மக்களே!"

வால் மொத்தமும் நம்பிவிட்டது. பக்கத்து வீட்டு வடிவு மூச்சு வாங்க, "இதோ ஆச்சு தாயி!" என்று இரண்டானாள், நாலானாள். நுனியான் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாளும் சொன்னான். அதற்கு மறுநாளும். வால் தடித்து நீண்டு, உடம்பைப்போல் மூன்று மடங்கானது.

அப்போதுதான் கோடை வந்தது. குளம் வற்றி வற்றி, எருமைக் கால் பதிந்த தடம் அளவுக்குச் சுருங்கியது. எதிரே தாழம்புதர், அதனடியில் ஈர நிழல். எட்டே தாவல்தான். தலைப்பிரட்டை தாவியது. வால் சேற்றில் ஒட்டிப் பின்னுக்கு இழுத்தது. மறுபடி தாவிப் பொத்தென்று விழுந்தது. வாய் உருமாறிக்கொண்டிருந்ததால் எதையும் தின்னவும் முடியவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது.

"வெறும் வயித்தோட எப்படித் தாவுறது?" என்று அழுதாள் கால்முட்டியில் இருந்த முட்டியாயி. "அந்த வாலைக் குறையச் சொல்லுங்க தாயி!"

"எனக்குப் பெருகச் சொல்லத்தான் தெரியும்டி. குறையச் சொல்ல ஒரு சொல்லு இல்லையே" என்றாள் தொண்டையம்மாள். "ஆமா, வாலைப் பெருகச் சொன்னது யாரு? நான் சொல்லலையே!"

தடத்தில் இருந்த தண்ணீர் காய்ந்துகொண்டே வந்தது. யார் குரலில் பேசி இதைச் சரிசெய்வது என்று நுனியான் யோசித்தான். குறையச் சொல்லும் சொல்லை அதுவரை யாருமே சொன்னதில்லை. கேட்டுப் பழக ஒரு குரல்கூட இல்லை.

"போதும்" என்றான்.

வடிவு திரும்பினாள். "யார் குரல்டா இது? கேட்ட மாதிரியே இல்லையே!"

"என்னுதுதான் அக்கா. தொண்டையம்மா மாதிரிப் பேசினதும் நான்தான்."

"அடப்பாவி! உன் சிரிப்புக்கா இத்தனை பெத்தோம்?"

"திட்டு. ஆனா நான் கிளம்பறேன்."

"வெடிச்சுகிடிச்சுத் தொலைக்காதே. அக்கம்பக்கம் புண்ணாயிடும்!"

"மாட்டேன்."

நுனியான் தன்னை மெல்ல மடித்தான். சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டான். "சிந்தாம முட்டியாயிகிட்டச் சேர்த்துடு அக்கா. அவ பசி ஆறட்டும்."

வடிவு அந்தப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். பிறகு ஒன்று குறையாமல் அனுப்பி வைத்தாள். தன் பங்குக்கு, "போதும்" என்றாள். அடுத்த வீட்டுக்காரன் சொன்னான். அதற்கடுத்தவன் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சொன்னான். வால் சுருங்கச் சுருங்கக் கால்களுக்குச் சோறு போனது. பொழுது சாய்வதற்குள், வாலில்லாத ஒரு புது உருவம் எட்டுத் தாவலில் தாழை நிழலில் போய் விழுந்தது.

அன்று முதல்தான் தவளைக்கு வால் இல்லை. எந்த உடம்பிலும் ஓர் உயிரணு பிறக்க, இன்னொன்று சத்தமில்லாமல் தன்னைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவதும், 'போதும்' என்ற அந்தச் சொல்லுக்குக் காது கொடுக்காத இடத்தில் புற்றுக்கட்டி வளர்வதும் அன்று முதல்தான்.