குளத்துக்குக் காய்ச்சல்

ஆலங்காட்டுக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள் கெளுத்தி மீனும் அதன் குஞ்சுகளும் மூச்சுக்குத் திணறின.

"முள்ளி! யானைகள் இன்று மேட்டு வழியாகப் போகின்றனவாம். அவை வந்து ஊற்றுத் தோண்டினால் நாங்கள் பிழைப்போம். காட்டுப் பள்ளியில் படிக்கிறவள் நீதானே? ஒரு கடிதம் எழுதேன்!" என்று கெஞ்சினாள் கெளுத்தி.

முள்ளம்பன்றி முள்ளிக்கு முதுகு முட்களெல்லாம் நட்டுக்கொண்டன.

எழுதுவது அவளுக்குப் பிடிக்கும். எறும்பு இறகை இழுத்துப் போனதையும், மழைக்கு முன் தவளை எங்கே உட்கார்ந்தது என்பதையும் தனக்காகத் தேக்கிலையில் எழுதி வைப்பாள். அப்போது பயமே இருக்காது. கதை எழுதினால் பசிகூட மறந்துவிடும். கட்டுரை என்றால் முன்னுரையைத் தாண்டமாட்டாள். விண்ணப்பம் என்ற பெயரைக் கேட்டாலே நடுக்கம். ஒருமுறை பெறுநர் இடத்தில் தன் பெயரையே எழுதிவிட்டாள். வகுப்பே சிரித்தது.

'யானைகள் பெரியவர்கள். முறைப்படி எழுதாவிட்டால் மதிப்பார்களா?' என்று பயந்து, கூடப் படிக்கும் கிளி பவளனிடம் ஓடினாள்.

"இதோ நான் எழுதிய மாதிரி விண்ணப்பம்! முழு மதிப்பெண் வாங்கியது! பெயரை மட்டும் மாற்றிக்கொள்" என்றான் பவளன்.

"இதில் காய்ச்சல் என்று இருக்கிறதே?"

"மாதிரியில் கை வைக்காதே! மதிப்பெண் போய்விடும்!"

முள்ளி அப்படியே எழுதினாள். பவளன் பெயர் இருந்த இடத்தில் 'குளம்' என்று போட்டாள். பவளன் இலையைக் கவ்விக்கொண்டு மேட்டு வழியில் வந்த யானைகளிடம் பறந்தான். முள்ளி பின்னாலேயே ஓடிப் புதருக்குள் ஒளிந்துகொண்டாள்.

தலைவி யானை உரக்கப் படித்தாள்: "மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். குளம் கடுமையான காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அவள் திடுக்கிட்டாள். "ஐயையோ! தொற்றுக் காய்ச்சலாக இருந்தால்? குட்டிகளை இழுத்துக்கொண்டு வாருங்கள்! அந்தப் பக்கமே போகவேண்டாம்!"

யானைகள் திரும்பி நடந்தன.

முள்ளி புதரைவிட்டு வெளியே குதித்தாள். ஓடிப்போய் வழியை மறித்தாள். வாயைத் திறந்தால் குரல் வரவில்லை! சட்டென்று உதிர்ந்த முள் ஒன்றை எடுத்துப் புழுதியில் எழுதினாள்.

'கெளுத்தி அக்கா வாயைப் பிளந்து மூச்சு விடுகிறாள். குஞ்சுகள் பதினேழு. தண்ணீர் என் கணுக்கால் அளவுதான். மேற்குக் கரையில் நாணலுக்கு அடியில் மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. தோண்டினால் ஊற்று வரும். உடனே வாருங்கள்.'

"அனுப்புநர் எங்கே? பொருள் எங்கே? எல்லாம் தப்பு!" என்று கத்தினான் பவளன்.

"அனுப்பியவள்தான் என் தும்பிக்கைக்கு நேரே நிற்கிறாளே, போடா!" என்று சொல்லிவிட்டுத் தலைவி யானை மேற்குக் கரைக்கு ஓடினாள். மற்ற யானைகளும் ஓடின.

நாலு மிதி, பத்துத் தோண்டல். ஊற்று குபுகுபுவென்று பொங்கியது. தண்ணீர் குட்டைக்குள் பாய்ந்தது. கெளுத்தி குஞ்சுகளோடு துள்ளினாள்.

"எழுத்தெல்லாம் நடுங்கியிருந்ததே, அம்மா..." என்று முணுமுணுத்தாள் முள்ளி.

"நடுங்கினால் என்ன? எங்கே தோண்டவேண்டும் என்று தெரிந்ததே!" என்றாள் யானை.

பயந்துபோய்ப் பிறர் சொற்களை இரவல் வாங்கி எழுதுவதைவிட, நாம் கண்டதை நம் சொல்லில் எழுதுவதே பயன் தரும்.