ஒரு கோடு மிச்சம்

வெள்ளையம்மா வைத்தியச்சியிடம் சீரங்காயி சிஷ்யையாகச் சேர்ந்தபோது ஊரே சிரித்தது. குருவுக்குத் தலை கருகருவென்று இருந்தது, சிஷ்யைக்குப் பாதி நரை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று சீரங்காயி விட்டுவிட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை பிறக்கவே இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாவது கைக்கு வரட்டும் என்று துணிமூட்டையோடு வந்துவிட்டாள்.

ஆற்றங்கரையில் தனி வீடு. வீட்டில் ஒரே ஒரு பாய்தான் இருந்தது. அதுவும் யாரும் படுத்து மடங்காத பாய்.

"நீங்க எதுலம்மா படுப்பீங்க?"

"எனக்கு வேண்டாம். நீ படு."

தரையில் படுக்கிறவள் போலிருக்கிறது என்று சீரங்காயி நினைத்துக்கொண்டாள். சீரங்காயி படுத்தால் கட்டை மாதிரி தூங்குவாள். விடிந்து கண்ணைத் திறந்தால் குரு அடுப்படியில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருப்பாள்.

ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. பேசிக்கொண்டே இருக்கும்போது வெள்ளையம்மா சட்டென்று எழுந்து வாசலுக்குப் போவாள். அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அங்கிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம் வரும். எழுந்தது முதலில், அழுகை அப்புறம். சீரங்காயிக்கு முதுகு சில்லென்று ஆகும். கேட்கத் தைரியம் வரவில்லை.

அங்கே வருகிற பெண்களுக்குப் பெரிய கவலை, வயிறு பெருத்துத் தோல் இழுபடும்போது விழுகிற வரி. பிரசவத்துக்குப் பயப்படுவதைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தார்கள். வெள்ளையம்மா எல்லோருக்கும் ஒன்றையேதான் சொல்வாள். அரித்தால் சொறியாதே, தடவிக் கொடு. இரண்டு உயிர் என்று இரண்டு ஆள் சோறு தின்னாதே, உடம்பு மெதுவாக ஏறட்டும். குளித்த ஈரம் காய்வதற்குள் எண்ணெய் போடு.

ஒருநாள் சீரங்காயி கேட்டாள்.

"இந்த எண்ணெய் வரியை அழிச்சிடுமாம்மா?"

"எண்ணெய் அரிப்பை அடக்கும். தோலைக் காயாம வச்சுக்கும். செவப்பா இருக்கறப்பவே பார்த்துக்கிட்டா வெளுத்து மங்கும். அவ்வளவுதான். தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரத்தான் செய்யும்."

"முழுசாப் போகவே போகாதா?"

வெள்ளையம்மா சிஷ்யையின் கையை வாங்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எண்ணெய்க்குப் போகாது. சில கைக்குப் போகும். உன் கை அந்தக் கை. அதனால சொல்றேன், எவ வயித்துல தடவினாலும் ஒரு கோடு விட்டுடு."

"எதுக்கும்மா?"

குரு எழுந்தாள். கொட்டிலுக்குப் போனாள். அன்றைக்குப் பிறந்த கன்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். சீயக்காய் போட்டு, தலை முதல் வால் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பளபளவென்று கொண்டுவந்து பசுவிடம் விட்டாள்.

பசு மோந்து பார்த்தது. எட்டி ஒரு உதை விட்டது.

கன்று எழுந்து மறுபடியும் போனது. மறுபடியும் உதை. கன்று கத்தியது. பசுவும் எங்கேயோ பார்த்துக்கொண்டு, தன் கன்றைக் காணோம் என்று கத்தியது. பக்கத்திலேயே நிற்கிற கன்றுக்காக அது கத்துவதைச் சீரங்காயியால் கேட்கச் சகிக்கவில்லை.

வெள்ளையம்மா அந்தப் பசுவின் பாலையே கறந்து கன்றின் முதுகில் பூசினாள். அப்புறம்தான் பசு நக்கியது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா," என்றாள் சீரங்காயி. பச்சைக் கன்றுக்குச் சீயக்காய் ஆகாது. பாவம், அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அக்கரையில் ஜவுளிக்கடைக்காரர் மனைவி மரகதம் உண்டாகியிருந்தாள். தினமும் போய்த் தடவிவிடும் வேலை சீரங்காயிக்கு வந்தது. மரகதம் நல்ல பெண்தான். ஆனால் அழகாயிருக்கிறவளுக்கு அழகு போய்விடுமோ என்கிற பயம் பொல்லாதது.

"எங்க வீட்டுக்காரர் சொல்வாருங்க அக்கா, கடையில இருக்கற பட்டெல்லாம் உன் வயித்துக்கிட்ட நிக்காதுன்னு. இதைப் பார்த்தா என்ன சொல்வாரு?"

வளைகாப்பு ஆன கையோடு அடிவயிற்றில் செக்கச்செவேலென்று வரிகள் கிளம்பியிருந்தன. சீரங்காயி உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தடவினாள். உள்ளே குழந்தை புரண்டு அவள் கையை முட்டியது. யாருக்கும் தெரியாமல் அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஒருதரம், ஒரே ஒருதரம் இப்படி முட்டியிருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே தடவினாள்.

வரிகள் மங்கின. மங்கியவை மறைந்தன. ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கிற நாள் நெருங்கியபோது தொப்புளுக்குக் கீழே ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சீரங்காயி எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள்.

"அதை ஏன் அக்கா விட்டுட்டீங்க?"

"ஒண்ணு இருக்கட்டுமாம். குருவம்மா சொல்லியிருக்காங்க."

"எதுக்காம்?"

எதுக்கு? சீரங்காயிக்குச் சொல்லத் தெரியவில்லை. கன்றுக்குட்டி, சீயக்காய் என்று சொன்னால் இவள் சிரிப்பாள்.

"எனக்காக அக்கா. உங்க கைக்கு வராததா?"

அந்தப் பேச்சில் சீரங்காயி விழுந்துவிட்டாள். பெருமையிலா, இல்லை வேறு ஆசையிலா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. கிண்ணத்தைத் திறந்தாள். கடைசிக் கோடும் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஆற்றில் குளிக்கும்போது புடவையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வயிற்றில் வரிகள் இருந்தன. செக்கச்செவேலென்று, புதிதாக. தொப்புளுக்குக் கீழே இருந்த அந்த ஒரு கோட்டை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. தண்ணீரை அள்ளி அள்ளித் தேய்த்தாள். போகவில்லை. கரையேறி ரவிக்கையைப் போட்டால், துவட்டிய பிறகும் மார்பு ஈரமாகிக்கொண்டே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். பால்.

அலறியிருக்க வேண்டியவள். அலறவில்லை. பயமாகத்தான் இருந்தது, அந்தப் பயத்துக்கு அடியில் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த வயதில் இதென்ன கூத்து என்று அழுதாள், சிரித்தாள். புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். குரு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் உச்சி வெயிலில் மரகதம் ஓடி வந்தாள். தலை விரிந்து கிடந்தது. இடுப்புத் துணியில் குழந்தை.

"நேத்திலேர்ந்து மார்ல வாய் வைக்கல அக்கா. எடுத்தா வெறைச்சுக்கறான். வேத்தாளு தூக்கின மாதிரி கத்தறான். இப்போ கத்தக்கூடத் தெம்பில்லை. ஐயோ, எம் புள்ளை செத்துடும் போல இருக்கே!"

இன்னொன்றும் சொன்னாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"எனக்கும் என்னமோ ஆயிடுச்சு. இது என்னுதுன்னு தெரியுது. ஆனா தூக்கினா யாரோ பெத்ததைத் தூக்கற மாதிரி இருக்கு. தொட்டில்ல இவன் படுத்திருக்கறப்பவே, எம் புள்ளை எங்கேன்னு தேடறேன்."

சீரங்காயி கையை நீட்டினாள். நீட்டியது தான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தை அவள் கைக்கு வந்ததும் விறைப்பு விட்டது. முகத்தை அவள் மார்பில் தேய்த்து, ஈரத் துணியைக் கவ்வியது.

மரகதம் அதைப் பார்த்தாள். நனைந்த ரவிக்கையைப் பார்த்தாள். விலகிய புடவைக்குள் தெரிந்த வயிற்றைப் பார்த்தாள்.

"அது என் வரி," என்றாள்.

கொட்டிலில் பசுகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

சீரங்காயி குழந்தையை இறுக்கிக்கொண்டு குருவைப் பார்த்தாள்.

"அம்மா, நான் என்ன பண்ணட்டும்?"

"உனக்கு என்ன பண்ணணும்னு இருக்கு?"

"இவனை... இங்கேயே வச்சுக்கணும்னு இருக்கும்மா." அவன் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். "எங்கிட்டதானே குடிப்பான்? எங்கிட்டதானே பொழைப்பான்?"

"பொழைப்பான்."

மரகதம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. குழந்தையைப் பார்க்கவும் இல்லை. வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டு, "எம் புள்ளை எங்கே? எம் புள்ளையைக் காணோமே," என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சீரங்காயி அந்தக் குரலை முன்பே கொட்டிலில் கேட்டிருக்கிறாள். இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குரு அன்றைக்குக் காட்டியது சீயக்காயைப் பற்றி அல்ல.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மரகதத்தின் முன்னால் வைத்தாள். குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, புடவையை விலக்கிச் சுவரில் சாய்ந்தாள்.

"தடவு தாயி. உன் வரி, உன் கைக்கு வரும்."

மரகதத்துக்கு முதலில் விளங்கவில்லை. வெள்ளையம்மா அவள் கையைப் பிடித்து எண்ணெயில் தோய்த்து, சீரங்காயியின் வயிற்றில் வைத்தாள். மரகதம் தடவினாள். அவள் கை போகிற இடமெல்லாம் வரி ஒவ்வொன்றாக மங்கியது. ஒன்று போகும்போதெல்லாம் சீரங்காயிக்கு உள்ளே யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போவது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். குழந்தை அவள் மார்பை விட்டது. தலையைத் திருப்பியது. மரகதத்தின் வளையல் சத்தம் வந்த பக்கம் பார்த்து, வாயைக் கோணிக்கொண்டு அழுதது.

"ஐயோ, என் ராசா!" என்று மரகதம் பாய்ந்து வாரினாள். அவன் அவள் மாரில் முட்டி முட்டிக் குடித்தான். அவள் முந்தானை விலகியபோது, வயிற்றில் செக்கச்செவேலென்று வரிகள். அவள் குனிந்து அவற்றைப் பார்த்து, தேம்பித் தேம்பி அழுதாள். ஜவுளிக்கடைக்காரர் என்ன சொல்வார் என்று அவள் அப்போது நினைத்ததாகத் தெரியவில்லை.

அவள் பரிசல் ஏறிப் போகிறவரைக்கும் சீரங்காயி சாய்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. ரவிக்கை காய்ந்துபோயிருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு. அவசரத்தில் மரகதம் விட்டுவிட்டுப் போன கோடு.

வெள்ளையம்மாவும் அதைப் பார்த்தாள். கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம் இருந்தது.

சீரங்காயி வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அம்மா, அவளுக்குத்தான் அத்தனை திரும்பக் கிடைச்சுடுச்சே. இது ஒண்ணு எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டுமே."

குரு கிண்ணத்தை மூடினாள். பிறகு எழுந்து, மூலையில் இருந்த பாயைச் சுருட்டினாள். பரண்மேல் தூக்கிப் போட்டாள்.

"இருக்கட்டும். வச்சுக்க."

"பாயை ஏம்மா எடுத்துட்டீங்க?"

"அந்தக் கோடு இருக்கறவரைக்கும், எங்கே எந்தப் பிள்ளை அழப் போனாலும் உனக்கும் என்னை மாதிரி முன்கூட்டியே கேட்கும்," என்றாள் வெள்ளையம்மா. "நான் தூங்கி நீ என்னைக்காவது பார்த்திருக்கியா?"