புலி என்ன செய்கிறது?

முதலில் ஒரு விடுகதை. ஒருவன் தனியாக வந்தால், "சரி, அவனுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். மற்றவன் தனியாக வந்தால், "யாரைச் சொல்கிறாய்?" என்று கேட்பீர்கள். இருவரும் சேர்ந்து வந்தால் ஒன்றும் கேட்க மாட்டீர்கள். யார் அவர்கள்?

பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும்தான். ஆங்கிலப் பாடத்தில் முதல் வாரமே இருவரையும் சந்தித்திருப்பீர்கள். இவர்கள் பிரிந்து கிடந்த காலம் ஒன்று உண்டு.

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. ஆனால் பேச்சைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. மரத்தில் வாழ்பவர்களுக்குப் பெயர்கள். தரையில் வாழ்பவர்களுக்கு வினைகள். அடுத்தவர் பங்கைத் தொட்ட குரங்கு மரத்தை விட்டு இறங்க வேண்டும். தொட்ட மான் மந்தையை விட்டுப் போக வேண்டும்.

மழை பொய்த்த ஒரு கோடையில், காட்டில் ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியது. கரையில் ஒரு மருதமரம். மேலே குரங்குகள், கீழே புள்ளிமான்கள்.

"புலி," என்று மேலிருந்து குரல் வரும்.

"வருகிறதா?" என்று மான்கள் கேட்கும்.

"புலி. புதர். புலி."

"தூங்குகிறதா? போய்விட்டதா?"

"புலி. மண்டு, புலி."

"கத்து, கத்து, கத்திக்கொண்டே இரு," என்று முணுமுணுத்துவிட்டு மான்கள் ஓடும். புலி பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். இப்படி ஓடி ஓடி, தாகத்தில் இரண்டு குட்டிகள் செத்தன. அதனால் ஒரு நாள் மான்கள் ஓடாமல் நின்றன. அன்று புலி வந்தது. ஒரு தாய்மான் திரும்பவில்லை.

அதன்பிறகு, குட்டைக்கு வரும் மான்கள் நிம்மதியாகக் குடிப்பதில்லை. ஒரு மடக்குக் குடிக்கும், நிமிர்ந்து பார்க்கும்.

மரத்தில் நுணா என்ற குரங்குக் குட்டி இருந்தாள். கீழே நடக்கும் பேச்சைக் கேட்டுக் கேட்டு மான்களின் சொற்கள் அவளுக்குப் பழகியிருந்தன. வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு நண்பகலில், தாயை இழந்த மான்குட்டி தனியாக நீரில் வாய் வைத்தது. புதரில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. வயிறு மண்ணில் உரச, சத்தமில்லாமல் புலி நகர்ந்தது.

"புலி," என்று குரங்குத் தலைவன் கத்தினான்.

குட்டி தலையை மட்டும் தூக்கியது. "குடிக்கட்டுமா? ஓடட்டுமா?"

"புலி. புலி."

குட்டி மறுபடி குனிந்தது.

நுணா கிளையில் முன்னால் சாய்ந்தாள். அவள் வாய் திறப்பதைத் தலைவன் பார்த்துவிட்டான். "நுணா. வாய். தரை," என்றான் மெதுவாக.

"புலி வருகிறது," என்றாள் நுணா.

குட்டி ஓடியது. புலி பாய்ந்த இடத்தில் சேறு மட்டும் தெறித்தது. புலி அண்ணாந்து மரத்தைப் பார்த்தது. பிறகு புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

குரங்குகள் நுணாவை விட்டு விலகி உட்கார்ந்தன. அவளுடைய அம்மா மட்டும், "மகள். என் மகள்," என்று தலைவனைக் கெஞ்சினாள்.

தலைவன் யோசித்தான். "நுணா. சத்தியம். கிளை," என்றான். இனி வினையைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தால் கிளையில் இருக்கலாம். இல்லையென்றால் தரை. தரையில் புலி இருந்தது.

தமிழானாலும் ஆங்கிலமானாலும், நாம் பெயரையும் வினையையும் சேர்த்துச் சொல்வது அன்று முதல்தான். நுணா சத்தியம் செய்யவில்லை. பெயர்களையும் தன்னோடு எடுத்துக்கொண்டு, இறங்கி மான்களோடு போய்விட்டாள்.