கூரைக்குப் போன சூடு

மலைக்காட்டின் நடுவே ஒரு பழைய தேவாலயம் இருந்தது. கட்டிய மனிதர்கள் எப்போதோ மலையிறங்கிப் போய்விட்டார்கள். கருங்கல் சுவரும், வண்ணக் கண்ணாடி ஜன்னலும், அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற கூரையும் மிருகங்களுக்கு மிஞ்சின. ஞாயிறுதோறும் அவை அங்கே சபை கூடி, அந்த வாரத்துச் சண்டைகளைப் பேசித் தீர்த்துக்கொண்டன.

சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. முன் பெஞ்சு காட்டெருமைக்கு. நடுப்பெஞ்சு மான்களுக்கு. ஜன்னலோரம் மந்திகளுக்கு. கடைசி பெஞ்சு முள்ளம்பன்றிக்கு. ஒருவர் பெஞ்சில் இன்னொருவர் உட்கார்ந்தால் அன்றைக்குச் சபை கலைந்த மாதிரிதான். நடுவே கிடந்த காலிப் பெஞ்சுகளில் தூசி உட்கார்ந்திருந்தது.

மார்கழியில் அந்தக் கட்டடத்துக்குள் எலும்பு வரை குளிரும். வெளியே வெயிலாவது அடிக்கும். அதனால் உள்ளே தீ மூட்டின. போதவில்லை. இன்னும் பெரிதாக மூட்டின. அப்போதும் போதவில்லை. முதலில் சுள்ளி, பிறகு கிளை, பிறகு மரமே தீக்குப் போயிற்று. யானை சாய்த்தது, கழுதை சுமந்தது. பக்கத்துச் சரிவு மொட்டையானது. புகையில் குட்டிகள் இருமின.

கூரையில் தொங்கிய வௌவால்கள் மட்டும் வாராவாரம், இன்னும் குளிருகிறது, இன்னும் விறகு போடுங்கள் என்று குரல் கொடுக்கும். மேலே இருப்பவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சபையும் தலையாட்டும். எங்கும் நடக்கிற கதைதான்.

ஒரு ஞாயிறு, அடுத்தது நாவல் மரம் என்று முடிவானது. அந்த மரத்தில் மலையணில் கூடு கட்டியிருந்தது. கூட்டில் கண் திறக்காத குட்டிகள். அணில், சபை மூப்பரான காட்டெருமையிடம் போய் மன்றாடியது. பழைய கட்டடம், கூரையைத் தாழ்த்த முடியாது, ஜன்னலில் சாணி அப்ப முடியாது, விறகை விட்டால் வேறு என்ன வழி என்று காட்டெருமை கேட்டது. அதன் குரலிலும் சலிப்புதான்.

இனிக் குட்டிகளை எங்கே கொண்டு போவது? கூரையில் ஓர் இடுக்காவது கிடைக்குமா என்று பார்க்க அணில் சுவரேறியது. மேலே போகப்போக அனல் அடித்தது. வௌவால்கள் இறக்கையை விரித்து விசிறிக்கொண்டிருந்தன.

“அண்ணே, இங்க அடுப்படி மாதிரி இருக்கு. அப்புறம் ஏன் குளிருதுன்னு சொல்றீங்க?”

“கீழ இருக்கிறவங்க யாரும் இதுவரைக்கும் ஏறி வந்து பாக்கலையே” என்றது ஒரு வௌவால்.

அணில் கீழே இறங்கிச் சொன்னது. ஒரு மந்தி ஏறிப் பார்த்து, ஆமாம் என்றது. யானைக்குக் கோபம் தாங்கவில்லை. வௌவால்களை உதறித் தள்ளிவிடுகிறேன் என்று தூணைப் பிடித்தது.

“அவங்களை விரட்டினாலும் சூடு மேலதான் போகும்” என்றது அணில். “நாமதான் மாறணும். அவங்கவங்க பெஞ்சை விட்டுட்டு ஒரு மூலைக்கு வாங்க. ஒட்டி உக்காந்தா, ஒரு சட்டி கங்கு போதும்.”

யாரும் அசையவில்லை. மரத்தை வெட்டு என்றபோது உடனே தலையாட்டிய சபைதான் இது. அணிலுக்கு அழுகை வந்தது.

வாசலில் விறகோடு நின்ற கழுதை அப்போது உள்ளே வந்தது. அதற்குப் பெஞ்சே கிடையாது. சுமையை இறக்கிவிட்டு மூலையில் பொத்தென்று படுத்தது.

“என்னால இனி முடியாது. நாவல் மரத்தைத் தூக்க வேற ஆளைப் பாருங்க” என்று கண்ணை மூடிக்கொண்டது.

இருமுகிற குட்டியோடு ஒரு மான் முதலில் எழுந்தது. கழுதையின் வயிற்றில் குட்டியைச் சாய்த்து, தானும் பக்கத்தில் ஒடுங்கியது. பிறகு மந்திகள் வந்தன. யானை வாசல் பக்கம் நின்று காற்றை மறித்தது. கடைசியில் காட்டெருமையும் முணுமுணுத்துக்கொண்டே வந்து, முள்ளம்பன்றியிடம் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தது. சட்டியில் கொஞ்சம் கங்கு வைத்தன. சற்று நேரத்தில் மான்குட்டி தூங்கிப்போனது.

அன்றைக்குச் சூடு மேலே போகவில்லை. குளிர்கிறது என்று கூரையிலிருந்து வந்த குரல் அன்று உண்மைதான். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

சரிவு இன்னும் மொட்டையாகத்தான் கிடக்கிறது. நாவல் மரம் நிற்கிறது. அணில் குட்டிகள் கண் திறந்துவிட்டன.

நெருங்கி உட்கார மனமில்லாதவர்களுக்குக் காட்டையே எரித்தாலும் குளிர் விடாது.